மூர்ஜோவின் கிண்ணத்தில் இல்லாதது

பொக்தானா நாயைப் போர்வையில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். கறுப்பு நாய். வயதானது. பெயர் மூர்ஜோ. அதன் தலை அவள் முழங்கைக்கு வெளியே துவண்டு தொங்கியது.

லோவெச் நகரத்தில் கால்நடை மருத்துவர் ருஸ்கோவின் அறையில் அந்தக் காலை வேளையில் இன்னொருவரும் இருந்தார். மலினா வெல்ச்சேவா, குற்றப் புலனாய்வுத் துறையிலிருந்து ஓய்வு பெற்றவர். தம் பூனைக்குக் காது மருந்து வாங்க வந்திருந்தார்.

"என் மருமக என் நாயைக் கொல்றா," என்றாள் பொக்தானா. சொன்னது மருத்துவரிடம் இல்லை, மலினாவிடம். "இந்த டாக்டருக்கு வயித்தைப் பாக்கத்தான் தெரியும். நீங்க போலீசுல இருந்தவங்க. வந்து அவளைக் கையும் களவுமாப் பிடிச்சுக் குடுங்க. ஞாயித்துக்கிழமை என் மகன் வெளிநாட்டுலேருந்து வர்றான். அவன் கண்ணு முன்னாடியே அவளை வெளிய அனுப்பப் போறேன்."

"அந்தப் பொண்ணுக்குப் போக இடம் இருக்கா?" என்று கேட்டார் மலினா.

"அது என் கவலை இல்ல."

ருஸ்கோ நாயின் வயிற்றை மெல்ல அழுத்தினார். நாய் முனகியது. அவர் முகம் சுருங்கியது. நாற்பது வயதானாலும், எதையாவது கண்டுபிடித்துவிட்டால் பள்ளிப் பையனைப் போலத் துள்ளுகிற மனிதர் அவர். இன்று துள்ளவில்லை.

"இன்னொரு தடவை இப்படி ஆனா தாங்காது," என்றார். பிறகு மலினாவிடம் திரும்பினார். "ஈஸ்டர் நோன்பு தொடங்கறதுக்கு முன்னாடி வீட்ல இருந்த பன்றிக் கொழுப்பு, தொத்திறைச்சி எல்லாத்தையும் இதுக்குப் போட்டுத் தீர்த்திருக்காங்க. ஊர்ல பாதி நாய்க்கு அந்த வாரம் வயிறு கெட்டுது. மத்ததெல்லாம் தேறிடுச்சு. வைத்தியம் சாப்பாடுதான். ஒரு வேளை பட்டினி, தண்ணி மட்டும். அப்புறம் குழைய வேகவெச்ச அரிசியும் தோலுரிச்ச கோழிக்கறியும். உப்பு கூடாது, எண்ணெய் கூடாது, வெங்காயம் பக்கத்துலயே வரக்கூடாது. கொஞ்சம் கொஞ்சமா, பல தடவை குடுக்கணும். மலம் கெட்டியானப்புறம்தான் பழைய சாப்பாட்டை மெதுவாக் கலக்கணும். இந்தம்மா அதை அப்படியே செய்யறாங்க. நாயும் தேறுது. திடீர்னு ஒரு நாள் வாந்தி, பேதி. மறுபடியும் முதல்லேருந்து."

"எந்த நாள்?"

"புதனும் வெள்ளியும்," என்றாள் பொக்தானா. "நான் சாயங்காலப் பூசைக்குக் கோயிலுக்குப் போற நாள். சோத்தையும் கறியையும் கிண்ணத்துல போட்டு மூடி வெச்சுட்டுப் போவேன். நேரமானதும் என் வீட்டுக்காரரு எடுத்துக் கீழ வைப்பாரு. அதுக்குள்ள அவ மாடியிலேருந்து இறங்கி வந்து எதையோ கலக்கறா. நேத்தும் புதன்தானே."

"வாந்தியில என்ன இருந்தது?"

"சோறு," என்றார் ருஸ்கோ. "பீன்ஸ்கொட்டைத் தோல். வெங்காயம். சிவப்பா எண்ணெய்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்ல."

மலினா எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டார். ருஸ்கோவும் கூடவே கிளம்பினார்.

வீடு ஆற்றோரச் சரிவில் இருந்தது. கீழ்த்தளத்தில் பொக்தானாவும் கணவர் ஸ்டொய்மெனும். மாடியில் மருமகள் நெவேனா. அவளுடைய கணவன் பிளாமென் சரக்கு லாரி ஓட்டுபவன். மாதத்தில் பாதி நாள் வெளிநாட்டில். முற்றத்தில் வெளிச் சமையலறை தனியாக நின்றது. நாயின் சோறு அங்கேதான் வேகும். நோன்பு வீட்டுப் பாத்திரத்தில் மாமிச வாடை படக்கூடாது என்பது பொக்தானாவின் ஏற்பாடு.

மாடிப் படியில் கைகளைக் கட்டிக்கொண்டு நெவேனா நின்றிருந்தாள்.

"போலீசையே கூட்டிட்டு வந்துட்டீங்களா, அத்தை? கைவிலங்கை மறந்துட்டீங்களே."

"வாயை மூடு. நாய் செத்தா நிம்மதின்னு நீ சொன்னியா இல்லையா?"

"சொன்னேன். நீங்க என்னை என்னென்ன சொன்னீங்கன்னும் இந்தம்மாகிட்ட சொல்லுங்க. அவங்க நடுராத்திரி வரைக்கும் உக்காந்து கேக்கணும்."

மலினா படியருகே போய் நின்றார். "நேத்து சாயங்காலம் கீழ வந்தியாம்மா?"

"நான் கீழ வர்றதே இல்ல. எனக்கு மேலயே அடுப்பு இருக்கு."

"என்ன சமைச்ச?"

"தொத்திறைச்சி பொரிச்சேன்." நெவேனா மாமியாரைப் பார்த்துச் சிரித்தாள். "ஜன்னலைத் திறந்துவெச்சுத்தான் பொரிச்சேன். நோன்பு நோக்கற மூக்குக்கெல்லாம் போய்ச் சேரட்டும்னு."

பொக்தானா தரையில் துப்பினாள்.

வெளிச் சமையலறையில் நாயின் பானை கழுவிக் கவிழ்த்திருந்தது. அதை ஒட்டி, அலமாரி விளிம்பில், ஒரு சிறிய கண்ணாடிக் குப்பி. மிளகாய்ப் பொடியும் மூலிகையும் கலந்த சிவப்பு உப்பு. ரொட்டியைத் தொட்டுத் தின்ன எல்லார் வீட்டு மேசையிலும் இருப்பது.

"பாத்தீங்களா!" பொக்தானாவின் குரல் உயர்ந்தது. "இது மேசையில இருக்கவேண்டியது. நாய்ச் சோத்துக்கு நான் ஒரு கல்லு உப்பு போடறதில்ல. இது எப்படி இங்க வந்துச்சு?"

ருஸ்கோ துள்ளினார். "உப்பு! வயிறு புண்ணான நாய்க்கு உப்பை அள்ளிப் போட்டா போதும். பீன்ஸைக் கலந்தது அந்த ருசியை மறைக்க. மேடம், முடிஞ்சுது!"

மலினா குனிந்து நாயின் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தார். விளிம்புவரை தண்ணீர். மேலே தூசு படிந்திருந்தது.

"இது எப்ப ஊத்தினது?"

"நேத்து. நான் கோயிலுக்குக் கிளம்பறப்ப."

"அப்புறம் யாரும் ஊத்தலையா?"

"யாரு ஊத்துவா? நான் வந்தப்ப அது வாந்தி எடுத்துட்டுச் சுருண்டு கெடந்துச்சு."

மலினா தலையசைத்தார். கீழ்த்தள அறைக்குப் போனார்கள்.

ஸ்டொய்மென் மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். முன்னால் பீன்ஸ்கொட்டைக் குழம்பு. சிவந்த எண்ணெய் மிதந்தது. பொக்தானா நாயைக் கீழே விட்டதும் அது தள்ளாடிப் போய் அவர் பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்தது. அவர் குனிந்து அதன் காதைத் தடவினார். யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இவரும் என்னோட நோன்புதான்," என்றாள் பொக்தானா. குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் மென்மை. "குளிர்காலத்துல பிளாமெனோட லாரி பள்ளத்துல உருண்டுச்சு. ஒரு கீறல் இல்லாம வந்தான். அன்னிக்கே ரெண்டு பேரும் நேர்ந்துக்கிட்டோம். இந்த நோன்பு முழுக்க, ஈஸ்டர் வரைக்கும் கறி, மீன், முட்டை, பால் எதுவும் தொடறதில்லைன்னு. பாருங்க, என் பாவாடை நிக்க மாட்டேங்குது." இடுப்பில் துணியைச் சுருட்டி ஊக்கு குத்தியிருந்தாள்.

மலினாவின் கண் ஸ்டொய்மெனின் இடுப்பு வாருக்குப் போனது. பல வருடப் பழக்கத்தில் ஒரே ஓட்டை நீண்டு கிழிந்திருந்தது. கொக்கி இன்னும் அதில்தான் மாட்டியிருந்தது.

"அந்தப் பொண்ணையும் கூப்பிடுங்க டாக்டர்," என்றார் மலினா.

நெவேனா வந்து கதவோரம் நின்றாள். உள்ளே கால் வைக்கவில்லை. மலினா உட்காரவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை.

"வாந்தியில என்ன இருந்ததுன்னு டாக்டர் சொன்னார். சோறு, பீன்ஸ், வெங்காயம், எண்ணெய். எல்லாரும் அதுல இருந்ததைப் பத்தியே யோசிக்கறீங்க. அதுல இல்லாததுதான் எனக்கு உறுத்துச்சு. பொக்தானா, கிண்ணத்துல கோழி வெச்சீங்க, இல்லையா?"

"கைநிறைய வெச்சேன். நானே நாரு நாராப் பிச்சு."

"அது எங்க?"

"நார் இருந்திருக்கணும்," என்றார் ருஸ்கோ மெதுவாக. "ஒரு நார்கூட இல்ல."

"கெடுதல் பண்ண நினைக்கறவ கிண்ணத்துல எதையாவது போடுவா. எதுக்கு எடுக்கணும்? எடுத்தவங்களுக்கு வேண்டியது அந்தக் கோழிதான்."

"உப்பு?" என்றார் ருஸ்கோ.

"உப்பு நாய்க்குப் போயிருந்தா அந்தச் சட்டியை அது நக்கியே காலி பண்ணியிருக்கும். தண்ணி தொடாம இருக்கு. உப்பு நாய்க்கு இல்ல, டாக்டர். நீங்க எழுதிக் குடுத்த பத்தியக் கோழியை உப்பில்லாம மனுஷன் தின்ன முடியாது."

நாய் பெருமூச்சு விட்டது.

"அவதான் தின்னுருப்பா," என்றாள் பொக்தானா. ஆனால் குரலில் பழைய வேகம் இல்லை.

"அவ எதுக்கு? மாடியில தொத்திறைச்சி பொரியுது. வெந்த கோழியைத் திருடித் தின்ன அவளுக்கு என்ன தலையெழுத்து? இந்த வீட்ல வேற மாமிசத்துக்கு வழியே இல்லாத ஒருத்தருக்குத்தான் அது வேணும். நோன்பு வீட்டு அடுப்புல இருக்கற ஒரே கறி, நாயோடது. நீங்க கோயிலுக்குப் போறப்ப உங்க வீட்டுக்காரருக்கு ஒரு தட்டு பீன்ஸ் வெச்சுட்டுப் போவீங்க. நீங்க திரும்பி வர்றப்ப அந்தத் தட்டு காலியாகணும். நாயும் பட்டினி கிடக்கக் கூடாது. அவர் கோழியை எடுத்துக்கிட்டு, தன் தட்டைக் கிண்ணத்துல கவுத்தாரு. ஒரே வேலையில ரெண்டும் சரியாப் போச்சு."

பொக்தானா கணவரைப் பார்த்தாள். அவர் மறுக்கட்டும் என்று காத்திருந்ததைப் போல இருந்தது. அவர் மறுக்கவில்லை.

"பசிச்சுது," என்றார் ஸ்டொய்மென்.

"மனுஷா..."

"முதல் வாரம் தாங்கினேன். அப்புறம் மேலேருந்து அந்த வாசனை..."

"ஆக, அதுக்கும் நான்தான் காரணமா மாமா?" என்றாள் நெவேனா.

அவர் அவளைப் பார்க்கவில்லை. "பீன்ஸ் நாயை என்ன பண்ணும்னு நினைச்சேன். அது எதையும் திங்கற பிராணி. வாந்தி எடுத்ததும் பயந்துட்டேன். அடுத்த தடவை தண்ணியில கழுவித்தான் போட்டேன். எண்ணெய் முழுசாப் போகல."

"கழுவிப் போட்டீங்களா," என்றார் ருஸ்கோ.

"கழுவினீங்கன்னா, உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது," என்றார் மலினா. "நாய்க்கு எதனால இப்படி ஆகுதுன்னு தெரிஞ்சே இருந்தீங்க. இந்தப் பொண்ணை வெளிய அனுப்பப் போறாங்கன்னும் தெரியும்."

ஸ்டொய்மென் மறுபடியும் நாயின் காதைத் தடவினார். பிறகு மனைவியிடம் பேசினார். அறையில் வேறு யாரும் இல்லாததைப் போல.

"நேர்ச்சையை முறிச்சேன்னு சொன்னா நீ சாகற வரைக்கும் என்னை மன்னிக்கமாட்ட. பிளாமென் உசுருக்காக நேர்ந்தது. நாளைக்கு அவன் வண்டிக்கு ஏதாவது ஆனா, என்னாலன்னு சொல்லுவ." நிறுத்தினார். "அவளை எப்படியும் நீ மன்னிக்கப் போறதில்ல. அவ ஒண்ணும் பண்ணாதப்பவே மன்னிக்கல. கூட ஒரு குத்தம் சேர்ந்தா அவளுக்கு என்ன குறைஞ்சிடப் போகுதுன்னு இருந்துட்டேன்."

மலினா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வழக்கு முடிந்த பிறகு வரும் இந்த நிமிடத்தை அவர் ஒருபோதும் விரும்பியதில்லை. உண்மை தெரிந்துவிடுகிறது. அதைத் தெரிந்துகொண்டவர்கள் அதே மேசையில்தான் தொடர்ந்து உட்கார வேண்டியிருக்கிறது.

நெவேனா முதல் முறையாக அறைக்குள் வந்தாள். ஸ்டொய்மெனின் காலடியில் குனிந்து, நாயைத் தூக்கிக்கொண்டாள். அது திமிறவில்லை. திமிற அதனிடம் வலு இல்லை.

"எங்க கொண்டு போற?" என்றாள் பொக்தானா.

"மேல. டாக்டர், இன்னிக்கி என்ன குடுக்கணும்?"

"சாயங்காலம் வரைக்கும் தண்ணி மட்டும். அப்புறம் ஒரு கரண்டி சோறு, விரல் அளவு கோழி. தங்குச்சுன்னா காலைல இன்னும் கொஞ்சம்."

"சரி. நான் நோன்பு நோக்கறதில்ல. எனக்கு நாயோட கறி தேவைப்படாது."

"அது என் நாய்," என்றாள் பொக்தானா.

"தெரியும். எனக்கு இது வேண்டவே வேண்டாம். ஆனா இது இங்க இருந்தா செத்துரும். செத்தா நீங்க மறுபடியும் என் மேல கையைக் காட்டுவீங்க." நெவேனா நாயைத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். "நோன்புக்கு முந்தின ஞாயித்துக்கிழமை எல்லாச் சின்னவங்களும் பெரியவங்ககிட்ட மன்னிப்புக் கேக்கற மாதிரி, நானும் உங்க கையில முத்தம் குடுத்து மன்னிப்புக் கேட்டேன். எதுக்குன்னு எனக்கே தெரியல. நீங்க கையை வெடுக்குன்னு இழுத்துக்கிட்டீங்க. அதுக்கெல்லாம் இப்பக் கணக்குத் தீக்க வேண்டாம். பிளாமென் வர்றப்ப யாரு வெளிய போறதுன்னு மட்டும் சொல்லிடுங்க."

பொக்தானாவின் உதடுகள் அசைந்தன. மன்னிப்பு என்ற சொல் அந்த வாயில் பழகியதில்லை. பெரியவள் சின்னவளிடம் கேட்க அந்த ஊரில் எந்த ஞாயிற்றுக்கிழமையும் இல்லை. ருஸ்கோ அவளுக்காகக் காத்திருந்தார். மலினா காத்திருக்கவில்லை, கையுறைகளை மாட்டிக்கொண்டிருந்தார்.

"யாரும் போகல," என்றாள் பொக்தானா கடைசியில். தரையைப் பார்த்துச் சொன்னாள்.

நெவேனா முற்றத்துக்கு இறங்கினாள். மாடிப் படியில் அவள் கால் வைக்கும்போது உள்ளேயிருந்து மாமியாரின் குரல் வந்தது. அதட்டலாகத்தான் வந்தது.

"பாத்து ஏறு. நடுவுல ஒரு படி ஆடுது."

"நாலு வருஷமா ஆடுது, அத்தை," என்றாள் நெவேனா, திரும்பாமலே. "இன்னிக்குத்தான் சொல்றீங்க."