நான்காவது கைப்பிடி

சிகரத்துக்குக் கீழே கடைசித் தங்குமிடமான கிபோ குடிசைக்கு அவர்கள் வந்து சேர்ந்தபோது உச்சிப்பொழுது. வெயில் அடித்தது, ஆனால் சூடு இல்லை. கல்சுவர், தகரக் கூரை, வாசலெல்லாம் மண்ணெண்ணெய் நாற்றம். வெள்ளைக்காரப் பயணிகள் வந்த வேகத்தில் கட்டிலில் விழுந்தார்கள். நள்ளிரவில் எழுந்து சிகரத்துக்குக் கிளம்பும்வரை அவர்களுக்கு வேறு வேலை இல்லை. அவர்கள் மூட்டையைத் தூக்கி வந்தவர்களுக்குத்தான் உட்காரவும் நேரமில்லை.

தலைமை வழிகாட்டி எலினாமி சமையல் கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தான். அவன் தம்பி ஒம்பேனி, அரிசி மூட்டை மேல் குனிந்து உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தான்.

"என்னடா, ராத்திரி பூரா இருமினியாமே? ஐகண்டே சொல்றா."

"அவளுக்கு வேற வேலை இல்ல. தூசிண்ணே, தூசி."

சமையல்காரன் புரோட்டாஸ் கஞ்சியைக் கிண்டியபடியே சொன்னான். "தூசியாம்! அந்தத் தூசியாலதான் என்னைத் தூங்கவிடாம உயிரை வாங்கினான். பொண்டாட்டியோட குறட்டையே தேவலைன்னு ஆயிடுச்சு."

ஒம்பேனி சிரித்தான். சிரிப்பு இருமலாக மாறியது, இருமல் நிற்கவில்லை. அவன் வாயிலிருந்து கையை எடுத்தபோது புறங்கையில் இளஞ்சிவப்பாக நுரை இருந்தது.

எலினாமி அந்தக் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். நுரையீரலில் தண்ணீர் கோத்துவிட்டது. அதற்கு ஒரே வைத்தியம், கீழே இறங்குவது. இறக்கினால் பிழைப்பான், தாமதித்தால் போய்விடுவான். இருமலைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று மறைத்திருக்கிறான் பாவி. இவனை மலைக்குக் கூட்டிக்கொண்டு போகாதே என்று அம்மா தலையால் அடித்துக்கொண்டாள். 'நான் இருக்கேன்ல' என்று சொன்னவன் எலினாமிதான்.

குடிசைக்குப் பின்னால், நோயாளிகளைக் கீழே இறக்கும் ஒற்றைச்சக்கரப் படுக்கை கிடந்தது. இரும்புச் சட்டம், நடுவில் அடியில் ஒரே சக்கரம், நாலு மூலையிலும் நாலு கைப்பிடி. குறைந்தது நாலு பேர் வேண்டும். துணை வழிகாட்டிகள் பயணிகளை விட்டு வரமுடியாது. மற்ற சுமைக்காரர்கள் தண்ணீர் எடுக்க எங்கேயோ போயிருந்தார்கள். கீழே அடுத்த தங்குமிடமான ஹொரொம்போவிலிருந்து மீட்புக்காரர்கள் பாதி வழிக்கு வருவதாக வயர்லெஸ்ஸில் சொன்னார்கள்.

"மூணு பேரே போதும்" என்றான் எலினாமி. போதாது என்று அவனுக்கே தெரியும்.

ஒம்பேனியைக் கம்பளியில் சுற்றி, வாரால் கட்டி, ஓடத் தொடங்கினார்கள். முன்னால் வலது மூலையில் எலினாமி, இடது மூலையில் புரோட்டாஸ். பின்னால் வலது மூலையில் ஐகண்டே. சுமைக்காரர்களில் அவள் ஒருத்திதான் பெண், ஆனால் பலத்தில் எவனுக்கும் குறைந்தவள் இல்லை. பின் இடது மூலையைப் பிடிக்க ஆளில்லை.

முதல் சரிவிலேயே ஐகண்டேயின் கை மரத்துப்போனது. "புரோட்டாஸ், வாங்கிக்கோ."

"குடு" என்று புரோட்டாஸ் வந்து அவள் பிடியை வாங்கிக்கொண்டான். அவள் முன்னால் போய் அவன் மூலையைப் பிடித்தாள். சற்று தூரம் போனதும் அதேபோல் பேர் சொல்லித் திரும்ப மாறிக்கொண்டார்கள்.

மலையில் சுமை கைமாறுவது அப்படித்தான். கொடுக்கிறவன் பேர் சொல்லிக் கூப்பிடுவான், வாங்குகிறவன் 'குடு' என்பான். அப்படிச் சொல்லி வாங்கியவன், அடுத்தவன் வந்து வாங்கும்வரை கீழே வைக்கக் கூடாது. பேர் சொல்லாமல் கூப்பிடுவது அதைவிடப் பெரிய தப்பு. கிபோ, மவென்சி என்ற இரண்டு சிகரங்களுக்கும் நடுவே, அவர்கள் கடக்கவேண்டிய பொட்டலில், சுமையோடு விறைத்துச் செத்தவர்கள் உண்டு. பேரில்லாத கூப்பாட்டுக்கு யார் வந்து கை கொடுப்பார்கள் என்று சொல்லமுடியாது.

பொட்டலில் இறங்கியதும் பனிமூட்டம் வந்தது. மவென்சி சிகரம் மறைந்தது. பிறகு பாதை மறைந்தது. பிறகு ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை. பக்கத்தில் ஓடுகிறவரின் மூச்சுதான் கேட்டது.

படுக்கை ஒவ்வொரு கல்லிலும் ஆளில்லாத மூலைப் பக்கம் சாய்ந்தது. சாயும்போதெல்லாம் ஒம்பேனியின் நெஞ்சுக்குள் குழாயில் நீர் கொப்பளிப்பது போன்ற சத்தம். ஒரு பள்ளத்தில் சக்கரம் இரண்டு பாறைகளுக்கு நடுவே வசமாக மாட்டிக்கொண்டது. இழுத்தார்கள், தள்ளினார்கள், வரவில்லை.

"அண்ணே..." என்றான் ஒம்பேனி. உதடு நீலம் பாரித்திருந்தது. "அண்ணே, மூச்சு..."

எலினாமிக்குப் புத்தி பேதலித்துவிட்டது. "யாராவது வாங்களேன்! வந்து பிடிங்களேன்! ஐயோ, யாராவது வந்து வாங்கிக்கோங்களேன்!"

"தலைவரே! பேர் சொல்லாம கூப்பிடாதீங்க!" புரோட்டாஸின் குரல் கீச்சிட்டது.

பனிக்குள்ளிருந்து யாரோ சொன்னது போலிருந்தது.

"குடு."

பின் இடது மூலை மேலே எழுந்தது.

சக்கரம் விடுபட்டது. படுக்கை சமமாக நின்றது. பிறகு ஓடியது. இதுவரை இல்லாத வேகத்தில், ஒரு குலுக்கல்கூட இல்லாமல் ஓடியது. ஈரக் கம்பளியும் நாள்பட்ட மண்ணெண்ணெயும் கலந்த வாடை அடித்தது.

"அண்ணே" என்று ஐகண்டே கிசுகிசுத்தாள். அந்த மூலைக்கு நேர் பக்கத்தில் இருந்தவள் அவள்தான். "என் பக்கத்துல ஒருத்தர் வர்றாரு."

"பாக்காத. ஓடு."

"கணுக்காலுக்கு மேல ஒண்ணும் தெரியல. கால் மட்டும் தெரியுது. செருப்பில்ல அண்ணே. விரலெல்லாம் கறுத்துப்போயிருக்கு."

"பாக்காதன்னு சொல்றேன்ல!"

எலினாமிக்கும் பயமாகத்தான் இருந்தது. ஆனால் பயத்தைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. பேயோ பிசாசோ, தம்பி கீழே போகிறான். அது போதும். பேயின் காலைக் கழுவிக் குடிக்கச் சொன்னால்கூட அந்த நேரத்தில் குடித்திருப்பான்.

வெகுநேரம் ஓடினார்கள். சரளைக் கல்லில் மூன்று ஜோடி பூட்ஸின் சத்தம். நடுவே ஒரு ஜோடி வெறுங்காலின் சத்தம்.

பிறகு அந்தக் குரல் பின்னாலிருந்து வந்தது. களைத்த குரல். எத்தனையோ வருஷமாகக் களைத்த குரல்.

"வாங்கிக்கோ."

மூன்று பேரும் பல்லைக் கடித்துக்கொண்டார்கள். யாரும் வாய் திறக்கவில்லை.

"வாங்கிக்கோயேன்."

அதில் அதட்டல் இல்லை. கெஞ்சல்தான் இருந்தது. எலினாமிக்கே தொண்டைவரை பதில் வந்துவிட்டது, விழுங்கிக்கொண்டான். இன்னும் கொஞ்ச தூரம். பொட்டல் முடிகிற இடம் தெரிந்துவிட்டால் போதும்.

அப்போதுதான் கம்பளிக்குள்ளிருந்து ஒம்பேனியின் கை வெளியே வந்தது.

அவன் கண் மூடியிருந்தது. நினைவு இருந்ததோ என்னவோ. ஆனால் பதினாறு வயதிலிருந்து சுமை தூக்குகிறவன். பக்கத்தில் ஒருத்தன் சுமையோடு 'வாங்கிக்கோ' என்று கேட்டு, அவன் ஒருநாளும் சும்மா இருந்ததில்லை.

"டேய், வேண்டாம்டா!"

"குடு" என்றான் ஒம்பேனி.

வெறுங்கால்கள் நின்றன. பிறகு அவை பாதையை விட்டு விலகி, பாரம் இறங்கியவனின் லேசான நடையில், பனிக்குள் போய் மறைந்தன.

மூலை தாழவில்லை.

படுக்கை அதே சமநிலையில் ஓடிக்கொண்டிருந்தது. ஒம்பேனியின் நெஞ்சுக் கொப்பளிப்பு நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் அவன் இருமுவது கேட்டது. வறட்டு இருமல், நீர் இல்லாத இருமல்.

"தலைவரே, தேறிட்டான்! சத்தத்தைக் கேளுங்க!" புரோட்டாஸ் அழுதுகொண்டே சிரித்தான். "பயலை வீட்டுக்குக் கொண்டுபோய் வாழைக்கள்ளுலயே குளிப்பாட்டறேன்!"

எலினாமியும் சிரித்தான். ஐகண்டே மட்டும் சிரிக்கவில்லை. அவள் விக்கி விக்கி அழுவது கேட்டது. இப்போது அவள் பக்கத்தில் நான்காவது ஜோடி பூட்ஸின் சத்தம் கேட்டது. எலினாமி அதைக் கவனிக்கும் நிலையில் இல்லை.

பனி கலைந்தது. பொட்டலின் விளிம்பில், பெரும் செடிகளுக்கு நடுவே, மீட்புக்காரர்கள் நான்கு பேர் ஆக்ஸிஜன் உருளையோடு ஓடி வந்தார்கள். அவர்களில் மூத்தவர் கம்பளியை விலக்கி, ஒம்பேனியின் கழுத்தில் விரல் வைத்தார். வைத்த விரலை உடனே எடுத்துவிட்டார்.

"எலினாமி, தம்பி... மனசைத் தேத்திக்கப்பா. உடம்பு ஜில்லுனு ஆயிடுச்சு. போய் ரொம்ப நேரம் இருக்கும்."

"என்னங்க பேசறீங்க? இப்பதான் இருமினான்! இவங்க ரெண்டு பேரையும் கேளுங்க! வழியெல்லாம் இருமிக்கிட்டு வந்தான்!"

இருமல் மறுபடி கேட்டது. எல்லோருக்கும் கேட்டது.

அது படுக்கையிலிருந்து வரவில்லை.

"கீழ வைங்க" என்றார் மூத்தவர். படுக்கையை விட்டு ஓரடி விலகினார். "மொதல்ல கீழ வைங்க."

எலினாமி முழங்கால் மடித்துத் தன் மூலையை இறக்கினான். புரோட்டாஸ் இறக்கினான். ஐகண்டே இறக்கினாள்.

நான்காவது மூலை இறங்கவில்லை. இடுப்பு உயரத்தில் அப்படியே நின்றது. உடம்பு வாரோடு ஒரு பக்கம் சரிந்தது. இரண்டு மீட்புக்காரர்கள் அந்தக் கைப்பிடி மேல் தங்கள் பாரத்தை எல்லாம் போட்டு அமுக்கினார்கள். அது அசையவில்லை. ஒருவன் கையை உதறிக்கொண்டு பின்வாங்கி, சிலுவைக் குறி போட்டுக்கொண்டான்.

"எலினாமி அண்ணே" என்றது அந்த மூலை. தம்பியின் குரலேதான். மதியம் கூடாரத்தில் கேட்ட குரல். முறைப்படி பேர் சொல்லித்தான் கூப்பிட்டது. "வாங்கிக்கோண்ணே. கை வலிக்குது."

எலினாமி எழுந்து நின்றான். வாயைத் திறந்தான்.

ஐகண்டே பின்னாலிருந்து பாய்ந்து அவன் வாயைப் பொத்தினாள். அவன் திமிறினான், முழங்கையால் இடித்தான், அவள் உள்ளங்கையை ரத்தம் வரக் கடித்தான்.

"எலினாமி அண்ணே..."

அவள் கையை எடுக்கவில்லை.