தங்கதுரையின் ரத்தத்தில் புகுந்தவன்

திங்கட்கிழமை, காலை பத்து மணி. தான்சானியாவில் போர்வெல் வண்டி வேலைக்குக் கிளம்ப இருந்த தங்கதுரைக்கு மெடிக்கல் ரிசல்ட் வந்தது. ஹெபடைட்டிஸ் பி, பாசிட்டிவ். கல்லீரலை அரிக்கிற மஞ்சள்காமாலைக் கிருமி!

வேலை போச்சு. உயிரும் போய்விடுமோ என்று பயந்தான். கச்சிராயபாளையத்திலிருந்து மனைவி நிர்மலாவோடு கள்ளக்குறிச்சி டாக்டர் தேவதர்ஷினியிடம் ஓடினான். அங்கே நிர்மலாவின் இடுப்பிலிருந்த மகள் அவனிடம் தாவினாள். அவன் பதறி விலகி, இடது தோளைத் தேய்த்துக்கொண்டான்.

"உங்கிட்டருந்துதான் ஒட்டிக்கினு இருக்கும்," என்றான் மனைவியிடம். பயந்தவன் புத்தி அப்படித்தான் போகும், பாவி!

நிர்மலாவுக்கு முகம் வெளுத்தது. "டாக்டரம்மா, என் ரத்தத்தையும் எடுங்க. எனக்கு இருந்தா எங்கம்மா வூட்டுக்கே போயிடறேன்."

டாக்டர் இருவருக்கும் ரத்தம் எடுத்தார்.

புதன்கிழமை. "நிர்மலாவுக்கு இல்ல," என்றார் டாக்டர்.

"அப்ப எனக்கு எங்கருந்துங்க?"

"ரத்தம் ஏத்தினீங்களா?"

"இல்லீங்க."

"பச்சை குத்தினீங்களா?"

"இல்லீங்க. சலூன்ல ஷேவிங் மட்டும்."

"அந்த பிளேடுதான்!" என்றாள் நிர்மலா.

டாக்டர் இல்லையென்று தலையசைத்தார். "நிஜக் கிருமி வந்தா, உடம்பு எதிர்த்துச் சண்டை போட்ட அடையாளம் ரத்தத்துல தெரியும். இவருக்குத் தெரியல. கல்லீரலும் நல்லா இருக்கு, கிருமி எண்ணிக்கையும் பூஜ்யம். திருடன் இருக்கான், கால்தடத்தைக் காணோம். அன்னிக்கு ஏன் தோளைத் தேய்ச்சீங்க?"

"ஊசி வலிங்க."

"என்ன ஊசி?"

"மஞ்சக்காமாலை தடுப்பூசிங்க. தான்சானியாவுல அது ஜாஸ்தியாம். ரிசல்ட் நல்லா வரட்டும்னு செக்கப்புக்கு முந்தின நாளே போட்டுக்கினேன்."

டாக்டர் சிரித்துவிட்டார். "அதான் குற்றவாளி! தடுப்பூசியில இருக்கறது கிருமியோட மேலோடு மட்டும். அதுக்கு உயிர் கிடையாது. உங்க டெஸ்ட் தேடினதும் அதே மேலோட்டைத்தான். கொஞ்ச நாள் ரத்தத்துல சுத்தும். ஒரு மாசம் கழிச்சு மறுபடி பார்த்துட்டுத்தான் உறுதியா சொல்வேன். குழந்தையைத் தாராளமாத் தூக்குங்க, நோய் இருந்தாலும் தொட்டா பரவாது."

அவன் தூக்கவில்லை. பயம் விடவில்லை.

மறுமாதம் டாக்டரிடம் ரிசல்ட் வந்தது. நெகட்டிவ். தங்கதுரை அழுதுகொண்டே மகளை வாரி எடுத்தான். வேலையும் போகவில்லை.

"ரத்தம் சுத்தம்னு தெரிஞ்சிடுச்சு," என்றாள் நிர்மலா. "அன்னிக்கு என்னைப் பார்த்து சொன்னியே ஒரு வார்த்தை, அதுக்கு இன்னா டெஸ்ட்டு எடுக்கப் போற?"

தங்கதுரை டாக்டரைப் பார்த்தான். அவர் நிர்மலாவைக் கை காட்டினார்.