இறுகாத முடிச்சு

வினோதா ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே மன்னிப்புக் கேட்டுக்கொண்டுதான் இறங்கினாள். வாசலில் தயிர்க்காரியோடு ஒரு சண்டை, அதனால்தான் தாமதம் என்றாள். எத்தனை முறை வேண்டாமென்று சொன்னாலும், அந்தக் கோட்டுச்சேரி குஞ்சம்மா பையன் கையில் தினமும் ஒரு கரண்டித் தயிரைச் சும்மா ஊற்றிவிட்டுப் போகிறாளாம். யாரிடமும் எதையும் சும்மா வாங்குவது வினோதாவுக்குப் பிடிக்காது. கணவன் போன பிறகு கிளிஞ்சல்மேட்டில் மீன்கூடை சுமந்து ஒற்றை ஆளாய்ப் பிள்ளையை வளர்ப்பவளுக்கு அந்த வீம்பு இருக்கத்தான் செய்யும்.

அவள் தேடி வந்த அருள்மணி, போலீஸில் கைரேகைப் பிரிவில் முப்பது வருடம் இருந்து ஓய்வு பெற்றவர். காரைக்காலில் காணாமல் போன சங்கிலி, காணாமல் போன ஆடு எல்லாவற்றுக்கும் ஆட்கள் இப்போது அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். ஏற்றி வருவது ஆட்டோக்காரர் சோமு. துப்பறிவதில் அவருக்கு இருக்கும் ஆர்வத்தில் பாதி சாலையைப் பார்ப்பதில் இருந்தால் ஊருக்கு நல்லது.

வினோதா பையிலிருந்து ஒரு பழைய துண்டை எடுத்து மேஜையில் வைத்தாள். கயிறு போல் முறுக்கிய துண்டு. ஒரு முனையில் முடிச்சுப் போட்ட வளையம். மறுமுனை கத்தியால் அறுக்கப்பட்டிருந்தது.

சுனாமி வந்த காலையில் அவள் டவுன் மார்க்கெட்டில் இருந்தாள். ஊருக்கு ஓடி வந்தபோது கணவன் இல்லை. நான்கு வயது மணிபாரதி மட்டும் சமுதாயக்கூடத்து மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக் குழாயோடு இந்தத் துண்டால் கட்டப்பட்டு, அழுது ஓய்ந்து உட்கார்ந்திருந்தான். குழாய்ப் பக்கம் அறுத்துவிட்டு, இடுப்பிலிருந்த வளையத்தை அப்படியே தலைவழியாக உருவிக்கொண்டாள். முடிச்சை அவிழ்க்க மனம் வரவில்லை. கட்டியது யாரென்று பையனுக்குச் சொல்லத் தெரியவில்லை.

தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் காது குத்துவதுதான் வழக்கம். வினோதாவுக்கு உடன்பிறந்தவர் யாருமில்லை. பிள்ளையைக் காப்பாற்றியவர் மடியில்தான் குத்துவேன் என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டு, இரண்டரை வருடமாகத் தள்ளிப்போட்டு வந்தாள். இனியும் தள்ளக்கூடாது என்று பெரியவர்கள் வரும் வெள்ளிக்கிழமையைக் குறித்துவிட்டார்கள்.

“முடிச்சைப் பாருங்க, கடலுக்குப் போறவங்க கைதான். தரங்கம்பாடியிலேருந்து நாகூர் வரைக்கும் ஒரு குப்பம் விடாம கேட்டுட்டேன். எல்லாரும் நான் இல்லேங்கறாங்க. ஆளு உசுரோட இருக்காரான்னாவது சொல்லுங்க” என்றாள்.

கடலோரக் காவல்படை ஆள்தான் என்று சோமு தீர்ப்பே சொல்லிவிட்டார். அருள்மணி அதைக் காதில் வாங்காமல் வளையத்துக்குள் விரலை விட்டு இழுத்தார். பிறகு துண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். ஓரங்கள் வெளுப்பாகவே இருந்தன. நடுவில் மட்டும் எண்ணெய்க் கறை ஏறியிருந்தது. பையன் இடுப்பில் தழும்பு உண்டா என்று கேட்டார். இல்லை. தயிர்க்காரி எத்தனை மணிக்கு வருவாள் என்றார். துப்பு கேட்க வந்த இடத்தில் தயிர் எதற்கு என்று சோமுவுக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மூவரும் வினோதா வீட்டு வாசலில் இருந்தார்கள். குஞ்சம்மா தயிர்ப்பானையை இறக்கி வைத்ததும், அருள்மணி ஒரு கயிற்றை நீட்டி, கன்றுக்குட்டிக்குப் போடும் முடிச்சைப் போட்டுக் காட்டச் சொன்னார். ஐம்பது வயதைத் தாண்டிய அந்தக் கைகள் கண் மூடித் திறப்பதற்குள் போட்டுவிட்டன. அப்போது அவர் அந்தத் துண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். அதே முடிச்சு. குஞ்சம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“வலைக்கும் நங்கூரத்துக்கும் போடற முடிச்சு இழுக்க இழுக்க இறுகணும்” என்றார் அருள்மணி. “இது எவ்வளவு இழுத்தாலும் இறுகலை. இறுகவே கூடாதுன்னு முடிச்சுப் போடறவங்க கன்னு வளர்க்கறவங்க. கழுத்துல இறுகினா கன்னு போயிடும். தோள்ல போடற துண்டா இருந்தா ஓரம் அழுக்காகும். இதுல நடுவுல மட்டும் தலையெண்ணெய். அப்போ இது பானைக்கு அடியில தலையில வெச்சுக்கற சும்மாடு. மாடும் வெச்சிருந்து, தலையிலயும் சுமந்து, அலை வந்த அந்த ஒன்பது மணிக்கு இந்தத் தெருவுக்கு வர்றது ஒருத்தர்தான். நீங்க கடல் பக்கமே தேடினீங்க வினோதா.”

இவ்வளவு நாளும் ஏன் மறைக்க வேண்டும் என்று சோமு கேட்டார்.

“மாடியிலேயே இருக்கப்போறவங்க பிள்ளையை மடியில வெச்சுப்பாங்க. கட்டினாங்கன்னா, மறுபடி கீழே இறங்கியிருக்காங்க. எதுக்குன்னு அவங்கதான் சொல்லணும்” என்றார் அருள்மணி.

குஞ்சம்மா தயிர்ப்பானையைப் பார்த்தபடியே சொன்னாள்.

“இன்னொரு பொண்ணு தண்ணியில நின்னுச்சு. யார் வீட்டுப் பிள்ளையோ. கையைப் பிடிச்சிட்டேன். அடுத்த அலையில நழுவிடுச்சு. நான் முள்ளுக்காட்டுல ஒதுங்கிக் கெடந்தேன். இதைக் காப்பாத்தினேன்னு சொன்னா, அதை விட்டதையும் சொல்லணுமே.”

சும்மா தயிர் ஊற்றுகிறாய் என்று நேற்றுவரை தான் ஏசிய அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு வினோதா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அதுக்காகவும் இறங்கினீங்களே. அதுக்கும் சேர்த்துத்தாம்மா கும்பிடறேன்.”

யாருக்கும் கடன்படக்கூடாது என்றிருந்தவளுக்கு இந்தக் கடன் பாரமாகவே இல்லை. தீராவிட்டாலும் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

வெள்ளிக்கிழமை, தாய்மாமன் உட்கார வேண்டிய பலகையில் குஞ்சம்மா உட்கார்ந்தாள். பெண் மடியில் எப்படிக் குத்துவது என்று முணுமுணுத்தவர்களை வினோதா ஒரு பார்வையில் அடக்கினாள். மணிபாரதி அழக்கூட இல்லை. குத்தி முடித்த ஆசாரி, ஆயிற்று, பிள்ளையை விடலாம் என்றார். குஞ்சம்மா விடவில்லை. வினோதாவும் விடச் சொல்லவில்லை.