இரத்தம் இலக்கம் 117

"ஐயோ...! வாய்க்காலுக்கை ஆள் கிடக்கு!"

பொன்னையாவின் அலறல் உருத்திரபுரத்து வயல்வெளி முழுக்கக் கேட்டது.

காலை ஆறரை மணி.

மருத்துவிச்சி இரஞ்சிதம் சைக்கிளை வரம்பில் சாய்த்துவிட்டு ஓடினாள். நாற்பத்தாறு வயது. ஊருக்கே அவள் 'மிஸ்ஸி'. பிள்ளை பிறந்தாலும் மிஸ்ஸி, காய்ச்சல் வந்தாலும் மிஸ்ஸி... பிணம் மிதந்தாலும் மிஸ்ஸிதான்!

நாலு பேர் சேர்ந்து உடலைக் கரையில் கிடத்தினார்கள்.

பரமலிங்கம்!

இரத்தப் பரிசோதனைக்காரர்களின் பதிவுக் கொப்பி எழுதுகிற பரமலிங்கம். நேற்றுப் பின்னேரம் கூடச் சிரித்துக் கதைத்துவிட்டுப் போன மனிதன்.

"சைக்கிளால சறுக்கி விழுந்திட்டார் போல, மிஸ்ஸி. பாவம், நீந்தத் தெரியாத மனுசன்," என்றார் பொன்னையா.

இரஞ்சிதம் அணைக்கட்டைப் பார்த்தாள்.

சைக்கிள் ஸ்ராண்டில் நிமிர்ந்து நின்றது. பூட்டும் போட்டிருந்தது!

சறுக்கி விழுகிறவன் சைக்கிளைப் பூட்டிவிட்டா விழுவான்? முன் கூடையில் எப்போதும் இருக்கிற அந்தப் பச்சை மட்டைக் கொப்பி... அதையும் காணவில்லை.

அவள் பிணத்தின் தலையைத் தூக்கினாள். பிடரியில் விரல் பதிகிற அளவுக்கு ஒரு பள்ளம்.



சட்டைப் பையில் அவர் வெற்றிலை வைக்கிற பொலித்தீன் பை. வாய் முறுக்கிக் கட்டியிருந்தது. உள்ளே வெற்றிலை, பாக்கு... அதோடு நாலாய் மடித்த ஒரு தாள். நனையவே இல்லை. எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு பிரித்தாள்.

'மிஸ்ஸி, 117-ஐ இண்டைக்கே ஊரை விட்டு அனுப்புங்கோ. தில்லைநாதன் ஆளை விக்கிறான். பேர் தெரியாமல் கொப்பியைக் கேக்கிறான். நான் குடுக்கேல்லை. விடிய வந்து மிச்சம் சொல்லுறன்.'

விடிந்துவிட்டது. மிச்சம் சொல்லத்தான் ஆள் இல்லை.

"என்ன மிஸ்ஸி, முகம் வெளிறிப் போச்சு?"

"ஒண்டுமில்லை ஐயா... காவல்துறைக்கு ஆளனுப்புங்கோ! நான் வீட்டை போயிட்டு வாறன்!"

அவள் சைக்கிளை மிதித்தாள். மிதிகட்டை இரண்டு தரம் வழுக்கியது.

117 வேறு யாருமில்லை. அவளுடைய ஒரே மகள் யதுர்ஷிகா!

இருபத்துமூன்று வயது. ஆவணியில் விதுசனோடு கலியாணம்.

அந்த இலக்கத்தின் பின்னால் இன்னொரு சங்கதியும் இருந்தது. அது இரஞ்சிதத்துக்கு மட்டுமே தெரியும்.

மூன்று மாதத்துக்கு முன்பு, சண்டை ஓய்ந்து ஏ-9 பாதை திறந்த பிறகு ஊருக்குள் வந்த எத்தனையோ வெள்ளைக்காரத் திட்டங்களில் ஒன்றாக இதுவும் வந்தது. உள்ளூர்ப் பொறுப்பாளன் தில்லைநாதன். பள்ளிக்கூட மண்டபத்தில் முந்நூறு குடும்பங்களைக் கூட்டி வைத்து அழகாகப் பேசினான்.

"மனுசன்ர மரபணு முழுக்க வாசிச்சாச்சு! போன வருசம்தான் முடிச்சவங்கள். இனி எங்கட சனத்தின்ரயையும் வாசிக்க வேணும். ஆருக்கு என்ன வருத்தம் வரும், பிள்ளையளுக்கு என்ன போகும்... எல்லாம் ஒரு சொட்டு இரத்தத்தில எழுதிக் கிடக்கு! பேர் வெளியில வராது. எல்லாருக்கும் இலக்கம் மட்டும்தான்."

சனம் அசையவில்லை. ஊசியைக் கண்டு பாதி, இரத்தத்தில் எழுதிக் கிடப்பது வெளியே வந்துவிடுமென்று மீதி பயந்தது. கடைசியில் தில்லைநாதனே சட்டைக் கையை மடித்து, எல்லோருக்கும் முன்னால் தன் கையை நீட்டிக் காட்டினான். அதற்குப் பிறகுதான் வரிசை அசைந்தது. இரத்தம் எடுத்தது இரஞ்சிதம்.

அன்றிலிருந்து ஊரில் கதை மாறிவிட்டது. முடிவுகள் வருவதற்கு முன்பே இரண்டு சம்பந்தம் குழம்பியது. சாதகம் பொருந்தினாலும், "அவையின்ர இரத்தம் எப்பிடியாம்?" என்று கேட்டார்கள்.

இரஞ்சிதத்தின் மூத்த பையன் நாலு வயதில் வெளிறி வெளிறியே செத்தவன். தலசீமியா. தாய், தகப்பன் இரண்டு பேரின் இரத்தத்திலும் இருந்தால்தான் அது பிள்ளையைக் கொல்லும் என்பது மருத்துவிச்சிக்குத் தெரியும். அப்படியென்றால் யதுர்ஷிகாவின் இரத்தத்திலும் அது ஒளிந்திருக்கலாம். தாளில் வந்துவிட்டால்? மாப்பிள்ளை வீடு வாசல் படலையைத் திறக்குமா?

அதனால் அவள் ஒரு காரியம் செய்தாள்.

மகளின் இரத்தத்தைச் சாக்கடைக் கானில் ஊற்றினாள். நல்ல இரத்தம் என்று தெரிந்த வேறொருவரின் இரத்தம் இருந்த ரியூப்பில் 117 என்ற இலக்கத்தை ஒட்டினாள்!

தாய்ப் பாசம் கண்ணை மறைத்தது. இப்போது அந்த இலக்கத்தைத் தேடித்தான் எமன் வருகிறான்.

வீட்டுப் படலையில் ஒரு வான் நின்றது.

ஆள் கடத்துகிற வெள்ளை வான் இல்லை, நீல வான். இருந்தாலும் இரஞ்சிதம் சைக்கிளைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினாள்.

உள்ளே கதிரையில் சாவகாசமாக உட்கார்ந்து பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தான் தில்லைநாதன். மணிக்கட்டில் புதிய நகக் கீறல்கள். அருகில் கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவன், காலடியில் ஒரு ஐஸ் பெட்டி.

"வாங்கோ அக்கா, உங்களைத்தான் பாத்துக்கொண்டிருக்கிறம். பரமலிங்கத்தாரின்ர விசயம் கேள்விப்பட்டன்... சரியான கவலை!" என்றான் தில்லைநாதன்.

கவலைப்பட்டவன் பிஸ்கற்றைத் தேநீரில் தோய்த்துத் தின்றான்.

அடுப்படிக்குள்ளிருந்து யதுர்ஷிகா வந்தாள். வெளியே போக உடுத்தியிருந்தாள்.

"அம்மா, என்ர இரத்தத்தில ஏதோ அருமையான சாமான் இருக்காம்! வவுனியாவில இன்னொரு சோதினையாம். பின்னேரம் கொண்டு வந்து விடுவினமாம்."

"நீ ஒரு இடமும் போகேல்லை! உள்ளுக்குப் போ!"

"ஏனம்மா கத்துறீங்கள்?"

"போ எண்டுறன்!"

கறுப்புக் கண்ணாடி எழுந்தான். எழுந்தபோது சட்டை விலகியது. இடுப்பில் துப்பாக்கி!

"நேரம் போகுதுங்க, ஏத்துங்க," என்றான். கொழும்புத் தமிழ். "அங்க பெரியவர் டயலிசிஸ்ல கெடக்காரு."

யதுர்ஷிகாவின் முகம் வெளிறியது.

"பெரியவரோ? ஆர் பெரியவர்? அம்மா... இவையள் என்ன சொல்லினம்?"

தில்லைநாதன் வாயைத் துடைத்தான்.

"ஒளிச்சு என்ன பிரயோசனம் அக்கா? கொழும்பில ஒருத்தருக்குக் கிட்னி ரெண்டும் பழுதாய்ப் போச்சுது. நாடெல்லாம் தேடியும் பொருந்தேல்லை. எங்கட முந்நூறு இரத்தத்துக்குள்ள ஒண்டு அச்சாப் பொருத்தம். நூற்றுப்பதினேழு! ஏன் பயப்பிடுறியள்? ஒண்டு போனாலும் மற்றது இருக்குத்தானே!"

"ஊருக்கு நல்லது செய்ய எண்டுதானே இரத்தம் எடுத்தனீங்கள்!" என்றாள் இரஞ்சிதம்.

"நல்லதுதான் நடக்குது. ஆருக்கு எண்டுதான் நான் சொல்லேல்லை."

"பரமலிங்கத்தாரையும் நீதானே..."

"கொப்பியைக் கேட்டன். அந்தாள் குடுக்கேல்லை. தள்ளினன்..." அவன் தோளைக் குலுக்கினான். "கல்லில அடிபட்டிட்டுது."

கறுப்புக் கண்ணாடி ஒரு தாளைப் பிரித்துப் பார்த்தான். நெற்றி சுருங்கியது.

"தில்லை, இதுல 'ஆண்'னு போட்டிருக்கே?"

"தட்டச்சுப் பிழையண்ணை. அங்க ஒரு பெட்டை நித்திரைத் தூக்கத்தில அடிச்சிருப்பாள். கொப்பியைப் பாருங்கோ... 117, யதுர்ஷிகா!"

"செரி. ஏத்து!"

அவன் யதுர்ஷிகாவின் கையைப் பிடித்தான்.

"அம்மா...!"

அந்த ஒரு கூப்பிடு போதும். மூன்று மாதம் பூட்டி வைத்த வாய் திறந்துவிட்டது.

"விடுங்கோ! அது என்ர பிள்ளையின்ர இரத்தமில்லை!"

கறுப்புக் கண்ணாடி திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் மாத்தினனான்! கலியாணம் குழம்பிப் போகுமெண்டு பயந்து... அவளின்ரயை ஊத்திப்போட்டு வேற ஆளின்ர ரியூப்பில இலக்கத்தை ஒட்டினனான்!"

"அம்மா?" யதுர்ஷிகாவின் குரல் உடைந்தது. "எனக்குக் கூடச் சொல்லாமலோ?"

மகளின் கண்ணைப் பார்க்க முடியாமல் இரஞ்சிதம் தலையைக் குனிந்தாள். 

தில்லைநாதன் கைதட்டிச் சிரித்தான்.

"நல்ல நாடகம்! நம்பாதேங்கோ அண்ணை."

இரஞ்சிதம் அலுமாரியைத் திறந்தாள். மகளின் கிளினிக் அட்டையை எடுத்து நீட்டினாள்.

"இதில இரத்த வகையைப் பாருங்கோ. ஓ பொசிட்டிவ். உங்கட தாளில என்ன கிடக்கு?"

கறுப்புக் கண்ணாடி இரண்டையும் அருகருகே வைத்தான். கண்ணாடியைக் கழற்றினான்.

"பி நெகட்டிவ்."

அவன் யதுர்ஷிகாவின் கையை விட்டான். ஆனால் துப்பாக்கியை எடுத்து அவள் நெற்றியில் வைத்தான்.

"அப்ப அந்த இரத்தம் யாரோடது?"

இரஞ்சிதம் மகளைப் பார்த்தாள். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது.

"சொல்லுங்க! மூணு எண்ணுவேன். ஒண்ணு..."

"சொல்லுங்கோ அக்கா!" தில்லைநாதன் பொறுமை இழந்து கத்தினான். "ஆரெண்டாலும் எங்களுக்கு ஒண்டுதான்! பேரைச் சொன்னால் உங்கட பிள்ளையை விட்டிட்டு, அந்த ஆளைத் தூக்கிக்கொண்டு போறம். இது என்ர வாக்கு!"

"ரெண்டு..."

"உண்மையாத்தானோ?" இரஞ்சிதம் கேட்டாள். "ஆரெண்டாலும் தூக்குவியளோ?"

"பெத்த தாய் எண்டாலும் தூக்குவன்!"

"பிறகு வாக்கு மாறமாட்டியளே?"

"மாறமாட்டன்! ஆர் அந்த ஆள்?"

இரஞ்சிதம் கையை உயர்த்தி நேரே காட்டினாள்.

"நீர்தான் தம்பி."

தில்லைநாதனின் வாய் திறந்தபடியே நின்றது.

"அண்டைக்குச் சனத்தின்ர பயம் தெளிய எண்டு முதல் ஆளாய்க் கையை நீட்டினீர். முந்நூறு குடும்பமும் சாட்சி. 'என்ர இரத்தம் கொழும்பில சோதிச்சது, ஒரு பழுதுமில்லை' எண்டு மேடையில பெருமையும் அடிச்சீர். அந்த ரியூப்பை எறியச் சொன்னீர். நான் எறியேல்லை. அதிலதான் 117-ஐ ஒட்டினனான். 'ஆண்' எண்டு அடிச்ச பிள்ளை நித்திரை கொள்ளேல்லைத் தம்பி!"

"பொய்! அண்ணை, இவள் பொய் சொல்லுறாள்!"

கறுப்புக் கண்ணாடி நெருங்கி வந்தான். தில்லைநாதனின் பேர்ஸை உருவினான். உள்ளே இரத்ததான அட்டை.

பி நெகட்டிவ்!

முந்நூறு பேரின் இரத்தத்தை வாசித்தவனுக்குத் தன் இரத்தம் கண்ணில் படவில்லை.

"அண்ணை... நான் உங்கட ஆளண்ணை! பட்டியல் தந்ததே நான்தானே!"

"அதான் ஆளையும் நீயே தர்றே. ஏறு!"

"ஐயோ, அக்கா! சொல்லுங்கோ அக்கா! எனக்குப் பிள்ளை குட்டி இருக்கு!"

பின்கழுத்தில் துப்பாக்கி முனை. வான் கதவு அறைந்து சாத்தியது. புழுதி மட்டும் மிஞ்சியது.

யதுர்ஷிகா தாயின் தோளில் விழுந்து குலுங்கினாள். இரஞ்சிதம் அவளை இறுக்கி அணைத்தாள். உடனேயே விலகிச் சைக்கிளை எடுத்தாள்.

"எங்கையம்மா?"

"காவல்துறைக்கு. வானை மறிக்க வேணும்."

"அவனைக் காப்பாத்தவோ? பரமலிங்கத்தாரைச் சாகடிச்சவனம்மா!"

"அதுக்குத் தண்டனை வேற இடத்தில. உயிரோட வெட்ட விட்டிட்டு நான் பிறகு எந்தப் பிள்ளைக்குப் பிரசவம் பாக்கிறது?"

காவல் நிலையத்தில் இரத்தத்தை மாற்றிய தன்னுடைய களவையும் சேர்த்தே சொன்னாள். உடனே புளியங்குளத்துச் சோதனைச்சாவடிக்குச் செய்தி போனது. அதற்குப் பிறகு மர வாங்கில் உட்கார்ந்து காத்திருப்பு. ஒரு மணி நேரம். அவன் கதறியது காதை விட்டுப் போகவில்லை. யதுர்ஷிகா வாங்கின் மறு முனையில் போய் இருந்தாள். அந்த இடைவெளி துப்பாக்கியை விடப் பயமாக இருந்தது.

பகல் பத்தரைக்கு அதிகாரி வந்தார். சிரிப்பை அடக்கப் படாத பாடு பட்டார்.

"நாங்கள் மறிக்க முதலே விசயம் முடிஞ்சுது, மிஸ்ஸி. சாவடியில எல்லாரையும் இறக்கிப் பைகளைச் சோதிக்கிறதுதானே வழமை. இறங்கின உடனே உங்கட தில்லைநாதன் காவலுக்கு நிண்ட பொடியளின்ர காலைக் கட்டிப் பிடிச்சிட்டான். 'நான் கொலைகாரன்! பரமலிங்கத்தைச் சாகடிச்சது நான்தான்! தயவுசெய்து என்னைப் பிடியுங்கோ!' எண்டு ஒரே கத்தல். கொப்பியையும் அவனே எடுத்துத் தந்தவனாம்!"

"மற்றவன்?"

"அவனும் உள்ளுக்கைதான். கிட்னியள் எல்லாம் வைச்ச இடத்தில பத்திரமாய் இருக்கு!"

இரஞ்சிதம் சிரிக்கவில்லை. மெல்ல மகளின் பக்கம் திரும்பினாள்.

"பிள்ளை... என்னை மன்னிப்பியோ?"

யதுர்ஷிகா எழுந்து தாயின் முன்னால் வந்தாள்.

"விதுசனுக்கு எல்லாத்தையும் சொல்லப் போறன். அண்ணா செத்தது, நீங்கள் மாத்தினது, எல்லாம். அவரும் இரத்தம் குடுக்கட்டும். ரெண்டு பேரின்ரயும் பாத்துப்போட்டு முடிவெடுப்பம்."

"அவன் மாட்டன் எண்டால்?"

"அப்பிடிப்பட்டவன் எண்டு இப்பவே தெரிஞ்சால் லாபம்தானே."

அவள் சட்டைக் கையை மேலே சுருட்டி, கையை நீட்டினாள். தாயின் கண்கள் நிறைந்தன.

"எடுங்கோ அம்மா. இந்த முறை முதல் ஆள் நான்... ஆனால் இலக்கத்தை நானேதான் ஒட்டுவன்!"