இரும்புக் கசிவு

வெள்ளிக்கோளின் மஞ்சள் மேகங்களின்மேல் மிதந்துகொண்டிருந்த அந்த ஊரில், நேற்றுக் குளித்த தண்ணீரில் இன்று காப்பி போட்டுக் குடிப்பதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. நீர்க்காவல் என்ற இயந்திரம் ஒவ்வொரு வீட்டுக் கழிவுநீரையும் சொட்டு விடாமல் சோதித்து, சுத்தம் செய்து திருப்பி அனுப்பிவிடும்.

மரகதம் காப்பியும் கையுமாக ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். மேகம் நகர்கிறதா, தான் நகர்கிறோமா என்று அவளுக்குத் தெரியவில்லை. மாதத்தில் பத்து நாள், பன்னிரண்டு நாள் என்று உதிரம் போய்க்கொண்டே இருந்ததில் உடம்பு பஞ்சாகிவிட்டது. அந்த மயக்கம் சுகமாகக்கூட இருந்தது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. இப்படியே ஒருநாள் எழுந்திருக்காமல் போய்விடுவோமோ?

மருத்துவி என்ற இயந்திரத்திடம் பதினொரு மாதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டாள். "பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்மா. நல்லா சாப்பிடுங்க" என்று கனிவாகச் சொல்லி அனுப்பிவிடும். என்ன கனிவு! மரகதத்துக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கதவு தட்டப்பட்டது. குழாய் பழுதுபார்க்கும் சவரிமுத்து மூச்சிரைக்க நின்றான்.

"அக்கா, உங்க வீட்டுக் கழிவுத் தண்ணியில இந்த மாசம் இரும்பு அளவு மீறிக் கசியுதுன்னு நீர்க்காவல் கத்துது. அவசர உத்தரவு! ஆனா குழாயெல்லாம் பிளாஸ்டிக்குதானே, இரும்பு எங்கேருந்து வருது?"

மரகதம் சற்று யோசித்தாள். பிறகு வெட்கத்தை ஓரமாக வைத்துவிட்டு, "என் உடம்புலேருந்துதான் தம்பி, ரத்தத்துல இருக்கிற இரும்பு" என்றாள்.

அவன் தலையைச் சொறிந்துகொண்டான். "எதுலேருந்து கசிஞ்சாலும் ஒரு நாளைக்குள்ள அடைக்க ஆரம்பிக்கணும்க்கா. சட்டம் அப்படி." உத்தரவை அப்படியே மருத்துவிக்கு அனுப்பினான். தண்ணீர் சம்பந்தப்பட்ட உத்தரவை அந்த ஊரில் எந்த இயந்திரமும் மீற முடியாது.

அன்று மதியமே சோதனை நடந்தது. இரத்தத்தை உறையவைக்கும் புரதம் அவளுக்குப் பிறவியிலேயே குறைவு. மருத்துவி அந்தப் புரதத்தை ஊசியில் ஏற்றியது. மாத உதிரத்தைக் குறைக்க, மேல்கையில், தோலுக்கடியில், தீக்குச்சி அளவில் ஒரு ஹார்மோன் குச்சியும் வைத்தது. மூன்று மாதத்தில் உதிரம் அடங்கியது. மரகதம் மூச்சு வாங்காமல் படியேறினாள், பாட்டுக்கூட வந்தது.

"இதை முன்னாடியே ஏன் பாக்கலே?" என்று மருத்துவியைக் கேட்டாள்.

"பூமியோட முந்நூறு வருஷத்து மருத்துவக் குறிப்பையெல்லாம் படிச்சுத்தான்மா நான் கத்துக்கிட்டேன். பொம்பளைங்க சொன்னதுக்கெல்லாம் பக்கத்துல 'சகஜம்'னுதான் எழுதியிருந்துது. குழாய் கசிஞ்சா மட்டும் யாரும் அப்படி எழுதலே."

மரகதம் இதை அக்கம்பக்கத்தில் சொல்லாமல் இருப்பாளா? மறுநாள் காலை சவரிமுத்து அலுவலகத்தைத் திறந்தபோது, வாசலில் நாற்பது பெண்கள் வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய விண்ணப்பத்திலும், பெயர் எழுத வேண்டிய இடத்தில் 'குழாய்' என்று இருந்தது.