முப்பத்தொன்றாவது குளிசை

"முப்பது குளிசை குடுத்தேன் மிஸ். ஒரு கிழமை கழிச்சு எண்ணினா முப்பத்தொண்ணு இருக்கு."

சொல்லிவிட்டு ஷாமிலா ஒரு சின்னப் போத்தலை மேசையில் வைத்தாள். ஹட்டன் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்தாளர் பயிற்சியில் கடைசி வருடம் அவளுக்கு. அந்த வருடம் ஓர் ஆய்வு செய்தே ஆக வேண்டும். தேயிலைத் தோட்டத்து மக்கள் பிரஷர் குளிசையை ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று பார்ப்பதுதான் அவளுடைய ஆய்வு. மாதம் ஒரு முறை வீட்டுக்குப் போய் மிச்சத்தை எண்ணுவாள். மிச்சம் கூடுதலாக இருந்தால் அந்த வீட்டுக்கு மட்டும் வாரா வாரம். பழைய போத்தலை வாங்கிக்கொண்டு முப்பது குளிசையோடு புதிய போத்தல் கொடுப்பாள்.

"புதன்கிழமை எண்ணினத அனுப்பினதும் கொழும்பு ஆய்வுக் குழுவுல இருந்து ஈமெயில் வந்திருக்கு. நான் வீட்டுல இருந்தே இலக்கத்த இட்டுக்கட்டி எழுதுறேனாம். திங்கக்கிழமைக்குள்ள விளக்கம் குடுக்காட்டி ஆய்வு தள்ளுபடி. இன்னொரு வருஷம் மிஸ்!" அவள் கண் கலங்கிவிட்டது.

பெற்றீசியா மிஸ் அவசரப்படவில்லை. அவருக்கு அவசரம் என்பதே வராது. பயிற்சி மருந்தாளர்களின் ஆய்வுகளுக்குத் துணை நிற்பது அந்த ஆஸ்பத்திரியில் யாரும் விரும்பாத வேலை. அதை அவர் கேட்டு வாங்கிக்கொண்டவர். வயது நாற்பத்தாறு, குவார்ட்டர்ஸில் தனி வாசம், கையில் எப்போதும் சிவப்புப் பேனா. ஷாமிலாவின் முதல் அத்தியாயத்தை ஐந்து வெள்ளிக்கிழமைகளாகத் திருத்திக்கொண்டிருந்தார். போன வாரத்துக்கு முந்தின வாரம் பக்க எண் நடுவில் இல்லை என்றார். போன வாரம் அட்டவணையின் கோடு தடிப்பு என்றார். இப்படியும் ஒரு மனுஷி இருப்பாரா என்று மருந்துக் களஞ்சியத்தில் வேலை செய்யும் திலக்ஷன்கூட கேலி செய்வான்.

அந்தத் திலக்ஷன்தான் இப்போது கதவோரம் நின்று துள்ளினான். "களவு மிஸ்! யாரோ ஆஸ்பத்திரிக் குளிசைய வெளிய கடத்துறாங்க!"

"கடத்துறவன் ஏன் இன்னொருத்தர் போத்தல்ல கொண்டு போய்ப் போடுறான்?" என்றார் பெற்றீசியா.

அவர் போத்தலைத் தட்டில் கவிழ்த்தார். எண்ணவில்லை, ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்து இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலில் இருபத்துநான்கு, வழுவழுப்பானவை. மற்றதில் ஏழு. அந்த ஏழில் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு கோடு இருந்தது.

ஷாமிலா திகைத்தாள். "நான் எண்ணினேன் மிஸ். பார்க்கல."

"கோடு போட்டது ஏப்ரல்லயே முடிஞ்சிருச்சே," என்றான் திலக்ஷன். "வேற கம்பனி. மருந்து ஒண்ணுதான்."

"உங்க ஆய்வு தொடங்கினது?"

"ஜூன்ல."

"அப்ப கோடு போட்ட குளிசை உங்க கையால போகல. யாருடைய போத்தல் இது?"

"பழனியாண்டி ஐயா. வட்டவளைக்கு மேல, மேக்கணக்குத் தோட்டத்து லயத்துல ஒரு வீட்டுல தனியா இருக்கார். மூணு வாரமா அவருக்குத்தான் மிச்சம். முந்தின ரெண்டு தடவையும் முப்பதுக்கு முப்பது அப்படியே இருந்திச்சு. ஆனா பிரஷர் நல்லா இருக்கு மிஸ், மத்த எல்லாரையும் விட."

"நீங்க போற நேரம் என்ன செய்வார்?"

"வாசல்ல நிப்பார். உள்ள தேத்தண்ணிக்குத் தண்ணி கொதிச்சுக்கிட்டிருக்கும்."

பெற்றீசியா சிவப்புப் பேனாவை மூடினார். சன்னலைப் பார்த்தபடி, "நாளைக்கு அவர் வீட்டுக்குப் போவோம்," என்றார். வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றுமில்லை.

மறுநாள் சனிக்கிழமை மூவரும் பஸ்ஸை விட்டிறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறினார்கள். எல்லாரும் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போயிருந்தார்கள். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்தில் ஒன்பது கதவுகள் பூட்டிக் கிடக்க, கடைசிக் கதவு மட்டும் திறந்திருந்தது.

பழனியாண்டி பழைய சாரம் உடுத்தியபடி வெளியே வந்தார். ஷாமிலாவைக் கண்டதும் முகம் மலர்ந்து, உடனே பதறியது. "இன்னைக்கு புதன்கிழம இல்லையே மிஸ்? நான் ஒண்ணும் வாங்கி வைக்கலையே."

உள்ளே சுவரில் கலண்டர் தொங்கியது. புதன்கிழமைகளில் மட்டும் பென்சில் வட்டம். பக்கத்தில் ஒரு பெண்ணின் படம், மாலை போட்டிருந்தது.

"மனைவியா? அவங்களுக்கும் பிரஷர் இருந்திச்சா ஐயா?" என்று கேட்டார் பெற்றீசியா.

"ராசம்மா. ஆமாங்க. மார்ச்சுல போயிருச்சு."

"கோடு போட்ட குளிசைய மிச்சம் வச்சிட்டு," என்றார் பெற்றீசியா.

பழனியாண்டி சட்டென்று குந்தினார். திலக்ஷனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "எப்படி மிஸ்?"

"வழுவழுப்பானது முப்பதுல இருபத்துநாலு இருந்திச்சு. அப்படின்னா ஐயா ஆறு நாள் தன்னோடதக் குடிச்சிருக்கார். பிரஷரும் அதத்தான் சொல்லுது. கோடு போட்டது ஏழு. ஏழு நாளும் நாளுக்கு ஒண்ணா மனைவியோடத எடுத்துப் போத்தல்ல போட்டிருக்கார். குடிக்காத மாதிரி தெரியணும். குடிக்காதவங்க வீட்டுக்குத்தானே வாரா வாரம் ஆள் வரும்."

ஷாமிலா அவரைப் பார்த்தாள். "மெய்யா ஐயா?"

"மொத மாசம் நெசமாவே மறந்துட்டேன் மிஸ்," என்றார் அவர், தரையைப் பார்த்தபடி. "ராசம்மா போன சோகத்துல. நீங்க நாலு வாரம் வந்தீங்க. பொறகு சரியாயிருச்சு, இனி மாசத்துக்கு ஒருக்காதான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னீங்க. மக கொழும்புல. பகல்ல இங்க ஒரு சனம் கெடையாது. பேச்சே மறந்து போற மாதிரி இருந்திச்சு."

"அந்த ஒண்ணு எப்படிக் கூடிச்சு?" திலக்ஷன் விடவில்லை.

"அது தப்பா நடந்ததுங்க. புதன்கிழம விடியக்காலைல ராசம்மா குளிசையப் போத்தல்ல போட்டுட்டேன். என்னோடத முழுங்கல. மிஸ் வர்ற பாதையப் பார்த்துக்கிட்டே நின்னேன், மறந்துட்டேன்."

அந்த முப்பத்தொன்றாவது குளிசைதான் ஷாமிலாவின் ஒரு வருடத்தை விழுங்கப் பார்த்தது. அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

பெற்றீசியா மிச்சமிருந்த கோடு போட்ட குளிசைகளைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டார். "நடந்தத அப்படியே கொழும்புக்கு எழுதுங்க ஷாமிலா. நாம வீட்டுக்குப் போறதே எண்ணிக்கைய மாத்தியிருக்கு. அது பொய் இல்ல, கண்டுபிடிப்பு. ஆனா ஐயாவோட பேர ஆய்வுல இருந்து எடுக்கணும்."

"அப்ப மாசத்துக்கு ஒரு தடவயும் வர மாட்டீங்களா?" என்று கேட்டார் பழனியாண்டி.

ஷாமிலா பெற்றீசியாவைப் பார்த்தாள். பெற்றீசியாதான் பதில் சொன்னார். "புதன்கிழமை எனக்கு அரைநாள்தான் வேலை ஐயா. நான் வர்றேன். போத்தல் கொண்டு வர மாட்டேன்."

இறங்கும்போது திலக்ஷன் முன்னால் நடந்தான். ஷாமிலா மெதுவாகக் கேட்டாள். "எல்லாரும் களவு, பொய்னுதானே நினைச்சோம். ஆள் வரணும்னு செஞ்சார்னு உங்களுக்கு மட்டும் எப்படித் தோணிச்சு மிஸ்?"

பெற்றீசியா நின்றார். பையிலிருந்து அந்த முதல் அத்தியாயத்தை எடுத்து நீட்டினார். கடைசித் தாளில் அத்தியாயத்தை ஏற்றுக்கொண்டதாக அவருடைய கையெழுத்து இருந்தது. கீழே திகதி. ஷாமிலா அதை இரண்டு தடவை வாசித்தாள். மூன்று வெள்ளிக்கிழமைக்கு முந்தைய திகதி.

"பக்க எண் எல்லாம் சரியாத்தான் இருந்திச்சு," என்றார் பெற்றீசியா. அவர் ஷாமிலாவைப் பார்க்கவில்லை. "மன்னிச்சுக்கோங்க."

கீழே ஹட்டன் பஸ் ஹோர்ன் அடித்தது. ஷாமிலா தாள்களை மடித்து அவர் கையிலேயே திருப்பி வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கிறேன் மிஸ்."