சிமியோனின் கடிப்பு

1934, பங்குனி. காலை ஏழு மணி. இன்ஸ்பெக்டர் இராசநாயகம் சைக்கிளை வேலியில் சாய்த்தார். கோப்பாய் ஒழுங்கையோரப் பனையடியில், கள்ளுச் சீவும் சிமியோனின் உடல் குப்புறக் கிடந்தது. பின்மண்டை உடைந்திருந்தது. இடுப்பில் ஓர் இரும்புக் கருவி செருகியிருந்தது. உச்சியில் குரும்பைக் குலைகள் தொங்கின.

"என்ரை கண்ணுக்கு முன்னாலை விழுந்தவன் ஐயா," என்றார் இரும்புக்கடைத் தம்பிஐயா.

"விடியவெள்ளன இங்கை உமக்கு என்ன வேலை?"

"உது நான் கண்டுபிடிச்ச கடிப்பு. வாற கிழமை பொருட்காட்சியிலை வைக்கிறன். ஏறிப் பாத்துச் சொல்லடா எண்டு குடுத்தனான். இந்த மரத்திலைதான் ஏறினவன். பாளையை நசிச்சதையும் கண்டனான். பிறகு கால் வழுக்கிப்போச்சு."

உடலருகே இருந்த சிமியோனின் மனைவி சிசிலியா நிமிர்ந்தாள். "பொய்! விழக்கூடாதெண்டுதானே அந்த மனிசன் அதைச் செய்தவர்!"

"ஓமோம், உவன் பெரிய எஞ்சினியர்!" என்றார் தம்பிஐயா.

இராசநாயகம் கருவியை உருவிக் கையில் புரட்டினார். பாளையை நசித்தால்தான் கள் ஊறும். பழைய கடிப்பு ஒரு முனையில் கட்டிய இரண்டு தடிகள். அழுத்த இரண்டு கைகளும் வேண்டும். அந்த நேரம் சீவுகிறவனின் உயிர் அவன் கால்களில் மட்டுமே நிற்கும். இதிலோ ஒரு கீல், ஒரு வில்லுக்கம்பி. ஒரு கையால் அழுத்தலாம். மற்றக் கையால் மரத்தைப் பிடிக்கலாம். அலகுகளின் உட்புறத்தில் விரலளவு குழி.

"எப்ப செய்தவர்?" என்று சிசிலியாவைக் கேட்டார்.

"தன்ரை தமையன் மரத்தாலை விழுந்து செத்தாப்பிறகு. இந்தத் தம்பிஐயாவின்ரை பட்டறையிலைதான் அடிச்சவர். ஒண்டுதான் செய்தவர். தம்பிஐயா பாக்கவெண்டு வாங்கித் திருப்பித் தரேல்லை. நேற்றுப் பின்னேரம் கேக்கப் போனவர், வரேல்லை."

இன்ஸ்பெக்டர் மறுபடி அண்ணாந்து பார்த்தார். கூட்டத்தில் நின்ற கந்தப்புவும் சீவல் தொழிலாளிதான். அவரை ஏற்றி, ஒரு பாளையை வெட்டி இறக்குவித்தார். அது முன்கைத் தடிப்பில், குரும்பைகளோடு இருந்தது.

"தம்பிஐயா, நசிச்சுக் காட்டும்."

அலகுகள் முழுதாக விரிந்தும் பாளை உள்ளே போகவில்லை. தம்பிஐயா பலமாக அமுக்கினார். கடிப்பு வழுக்கித் தரையில் விழுந்தது.

"பொம்பிளைப் பனைக்கு உது பிடிக்குமே!" என்றார் கந்தப்பு.

"ஆண்பனைப் பாளை விரல் விரலாய்ப் பிரியும்," என்றார் இராசநாயகம். "உந்தக் குழி அந்த விரலுக்கு வெட்டினது. இது குரும்பை காய்க்கிற பெண்பனை. செய்தவன் உதைக் கொண்டு உந்த மரத்திலை ஏறியிருக்கவே மாட்டான். நசிச்சதைக் கண்டனெண்டீர். அப்ப நீர் கண்டுபிடிச்சவருமில்லை, கண்டவருமில்லை. குப்புற விழுந்தவனுக்குப் பின்மண்டை உடையாது. செத்தவனைக் கொண்டுவந்து போட்டவர். கொலை செய்தவரும் நீர்தான்."

தம்பிஐயா வேலியைப் பிடித்தபடி குந்தினார். "பொருட்காட்சிக்கு வந்து, தான் செய்ததெண்டு எல்லாற்றை முன்னாலையும் சொல்லுவனெண்டான்... கையிலை சுத்தியல் இருந்தது."

கான்ஸ்டபிள் அவரைக் கூட்டிப்போனதும் சிசிலியா கை நீட்டினாள்.

"வழக்கு முடியுமட்டும் தரேலாது, பிள்ளை."

"எனக்கில்லை ஐயா. கந்தப்பு அண்ணைக்கு ஒருக்காக் காட்டுங்கோ. பாத்தாச் செய்துபோடுவார். சீவுற ஆக்கள் பின்னேரமும் ஏறவேணுமெல்லோ."

இராசநாயகம் கொடுத்தார். கந்தப்பு ஓர் ஈர்க்கை ஒடித்து, கீலிலிருந்து குழிவரை அளக்கத் தொடங்கினார். சிசிலியா கணவனின் கால்களைச் சேர்த்துக் கட்டுவதற்குத் துணி கிழித்தாள்.